முறை வைத்து மூச்சு

நவம்பர் 2, 2024

கல்லறைத் திருநாள். புதுச்சேரி உப்பளம் கல்லறைத் தோட்டத்தில் காலையிலிருந்தே குடமும் துடைப்பமுமாகக் கூட்டம். கழுவி, வெள்ளையடித்து, சாமந்தி பரப்பி, இருட்டுவதற்குள் எல்லாக் கல்லறையிலும் மெழுகுவத்தி ஏறிவிடுகிறது. பிரெஞ்சுப் பெயர் பொறித்த பழைய கற்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் வருவதில்லை. பக்கத்துக் கல்லறைக்காரர்கள் தங்கள் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்து அங்கேயும் ஏற்றி வைக்கிறார்கள்.

எங்கள் பாடகர் குழுவுக்கு இன்று மேடையோ பீடமோ கிடையாது. கல்லறைகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் நின்று பாட வேண்டும். கோயிலுக்குள் பாடினால் சுவரும் கூரையும் குரலைத் திருப்பித் தரும். வெளியில் கடற்காற்று வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. தன் குரல் தனக்குக் கேட்கவில்லை என்றதும் பிள்ளைகள் கத்தத் தொடங்குகிறார்கள். ஒருத்தி கத்தினால் பக்கத்தில் நிற்பவள் அதைவிட ஒரு பங்கு கூடுதலாகக் கத்துகிறாள். இரண்டாம் சரணத்துக்குள் சுதி ஏறிப்போய் கீபோர்டு ஒரு பக்கம், பாட்டு ஒரு பக்கம் என்று ஆகிறது.

"குறைச்சுப் பாடுங்க. பக்கத்துல நிக்கிறவங்க குரல் உங்க காதுல விழுற அளவுக்குப் பாடுங்க." கீபோர்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு ஆண்டு முழுவதும் சொல்ல இருப்பது இந்த ஒரு வாக்கியம்தான் என்று சில சமயம் தோன்றுகிறது.

செகண்ட்ஸ் வரிசையில், அதாவது இரண்டாம் குரலில், நிற்கும் பெண் இந்த ஆண்டு பிளஸ் டூ. அரசுப் பள்ளி. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சி.பி.எஸ்.இ.க்கு மாறிய பிறகு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வை எழுதப்போகும் முதல் அணி இவர்களுடையது. அண்ணன், அக்காவின் பழைய வினாத்தாள்கள் உதவாது. மேல்வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்கவும் வழியில்லை. பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் அவள் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தாள். செபம் என்று நினைத்தேன். இயற்பியல் வாய்பாடு.

நவம்பர் 22

புனித செசிலியா திருநாள். இசைக்காரர்களுக்குப் பாதுகாவலி. பிராக்டிஸுக்கு முன்னால் எல்லாருக்கும் கடலை மிட்டாய் கொடுத்தேன்.

1903ஆம் ஆண்டு இதே நாளில்தான் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் திருவழிபாட்டு இசை பற்றிய தம் ஆணையை வெளியிட்டார். கோயிலில் பாடுவது திருவழிபாட்டுப் பணி, ஆகவே பெண்கள் பாடகர் குழுவில் இடம்பெறலாகாது, உச்சக் குரல் வேண்டுமானால் சிறுவர்களைக் கொண்டு பாடுங்கள் என்றது அது. கலப்புக் குழுவுக்கு உரோமை வெளிப்படையாக வழிவிட 1955 ஆகிவிட்டது. நம் தெற்கு புல்வாரில் இருதய ஆண்டவர் கோயில் கட்டி முடிந்தது 1907இல். அந்த ஆணை வெளிவந்து நான்கே ஆண்டுகள்.

இன்று எங்கள் குழுவில் முக்கால்வாசி பெண்பிள்ளைகள். இந்தப் பழங்கதையைச் சொன்னேன். யாரும் வியக்கவில்லை. ஒரு சின்னப் பெண், "அப்ப பசங்க எல்லா பிராக்டிஸுக்கும் வந்தாங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள். டெனர் வரிசையில் ஆள் இல்லாமல் தவிக்கும் எனக்கும் அதே சந்தேகம்தான்.

தேர்வு அட்டவணை இந்த வாரம் வந்துவிட்டது. பிப்ரவரி 15இல் தொடக்கம். பாட்டு நோட்டின் பின்னட்டையில் அந்தப் பிளஸ் டூ பெண் நான்கு தேதிகளை எழுதி வைத்திருக்கிறாள். இயற்பியல் பிப்ரவரி 21, வேதியியல் 27, கணிதம் மார்ச் 8, உயிரியல் மார்ச் 25. முன்னட்டையின் உள்பக்கத்தில் ஏற்கெனவே வேறு தேதிகள் இருந்தன: சாம்பல் புதன் மார்ச் 5, குருத்தோலை ஏப்ரல் 13, பாஸ்கா ஏப்ரல் 20. ஒரே நோட்டு, ஒரே கையெழுத்து.

டிசம்பர் 1

நேற்று ஃபெஞ்சல் புயல் நம் பக்கத்திலேயே கரையேறியது. விடிவதற்குள் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை. இந்த ஊரில் ஒரே நாளில் இவ்வளவு பெய்து யாரும் பார்த்ததில்லை. உப்பாறு வாய்க்கால் நிறைந்து தெருவுக்கு வந்துவிட்டது. இன்று திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கரண்டு இல்லை. கீபோர்டு உறைக்குள்ளேயே கிடந்தது.

பாவாடையை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு சிலர் வந்தார்கள், அவளும் வந்தாள். வாத்தியம் இல்லாமல், மைக் இல்லாமல் பாடினோம். சுதி பிடித்துக்கொடுக்க எதுவும் இல்லாதபோது பிள்ளைகள் ஒருவர் வாயை ஒருவர் பார்க்கிறார்கள். இன்றைக்கு யாரையும் குறைத்துப் பாடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டிசம்பர் நடுவில்

இந்த மாதம் எல்லாம் ஒன்றாக வந்து மோதுகிறது. 8ஆம் தேதி சம்பா கோயில் திருநாள். அதன் பிறகு வீடு வீடாகக் கேரல்ஸ். கிறிஸ்துமஸ் இரவு நாடகம். பள்ளியில் செய்முறைத் தேர்வுக்கான ரெக்கார்டு நோட்டு, திருப்புதல் தேர்வு. நாடகத்தில் அவளுக்கு இந்த ஆண்டு பெரிய வேடம், தனிப்பாட்டும் உண்டு.

அவள் குழுவில் நிற்பதையும் மேடையில் நிற்பதையும் அடுத்தடுத்த நாட்களில் பார்க்க நேர்ந்தது. மேடையில் விளக்கு முகத்தில் விழுந்ததும் அவள் தோள் அகன்றுவிடுகிறது. வசனத்தைக் கடைசி வரிசைக்கு எறிகிறாள். கைதட்டல் எங்கே வரும் என்று தெரிந்து அங்கே ஒரு நொடி நிற்கிறாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. குழுவுக்கு வந்தால் அதே பெண் தன் குரலை மற்றவர்கள் குரலுக்குள் நுழைத்து வைத்துவிட்டு நிற்கிறாள். பழைய கோயில்களில் பாடகர் மாடம் வாசலுக்கு மேலே, சனங்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பாட்டு கேட்கும், பாடுகிறவர் முகம் தெரியாது. எங்கள் கோயிலில் குழு பக்கவாட்டில்தான் நிற்கிறது என்றாலும் பழக்கம் அந்த மாடத்துப் பழக்கம்தான்.

இரண்டும் கலை என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிடுகிறோம். ஒன்று, தான் இருப்பதை ஊருக்குச் சொல்வது. மற்றது, தான் எவ்வளவு இருந்தால் போதும் என்று அறிவது. பதினேழு வயதுக்கு இரண்டும் வேண்டியிருக்கிறது.

மேடை என்றதும் சங்கரதாஸ் சுவாமிகள் நினைவு. தமிழ் நாடகத்தின் தந்தை என்கிறோம். 1922இல் அவர் உயிர் பிரிந்தது இதே புதுச்சேரியில். கருவடிக்குப்பத்தில் அவர் நினைவிடம் இருக்கிறது. 1918இல் மதுரையில் அவரை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய பால சபை முழுக்கச் சிறுவர்களால் ஆனது. பின்னால் அவ்வை சண்முகம் என்று புகழ்பெற்ற டி.கே. சண்முகம் அதில் சேரும்போது ஆறு வயது. பாட்டு, பாடம், சாப்பாடு, தூக்கம், ரயில் பயணம் எல்லாமே கம்பெனியில். சண்முகத்தைப் போல் நின்று புகழ் பெற்றவர்கள் சிலர். குரல் உடைந்ததும் வேடம் போய், படிப்பும் இல்லாமல் ஊர் திரும்பிய பிள்ளைகளின் பெயர் எதிலும் இல்லை. மேடையா படிப்பா என்ற கேள்வி அந்தப் பிள்ளைகளுக்கு வரவே இல்லை. வீட்டில் பெரியவர்கள் முன்பே முடிவு செய்துவிட்டார்கள். அவளுக்கு அந்தக் கேள்வி வருகிறது. தலைவலிதான். ஆனாலும் இது அவளுக்குக் கிடைத்திருக்கும் ஒரு சுதந்திரம்.

ஜனவரி

டெனரில் பாடும் பையன் லிசே பிரான்சேவில் படிக்கிறான். 1826இல் தொடங்கிய பள்ளி. அவனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. மேற்படிப்புக்கு அவன் விண்ணப்பிப்பது பர்கூர்சுப் என்ற பிரெஞ்சு அரசின் தளத்தில். 2018இலிருந்து நடப்பில் இருக்கிறது. ஜனவரி நடுவில் திறந்தால் மார்ச் நடு வரை பத்து விருப்பங்கள் வரை பதியலாம். எது முதல், எது இரண்டாவது என்று வரிசைப்படுத்த வேண்டியதில்லை. ஈடுபாடுகளை எழுத அதில் தனியிடம் உண்டு. கப்ஸ் கோயிலில் பிரெஞ்சுப் பூசைக்குப் பாடுவதை அவன் அங்கே எழுதியிருக்கிறான்.

இன்னொரு பிள்ளையின் மாமா மகள் அமெரிக்காவில். அங்கே பல கல்லூரிகளுக்கும் பொதுவான படிவத்தில் பாடத்துக்கு வெளியே செய்த காரியங்களுக்குப் பத்து கட்டங்கள். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள். பாடகர் குழுவை 150 எழுத்துக்குள் எப்படி அடக்குவது என்று பிள்ளைகள் பிராக்டிஸில் விளையாடிப் பார்த்தார்கள். ஒவ்வொருவர் எழுதியதிலும் "தலைமை தாங்கினேன்" என்று வந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் எங்கள் குழுவில் எல்லாரும் தலைவர்கள். அந்தப் படிவத்துக்கு எழுத உட்கார்ந்தால் கை தானாக அப்படித்தான் போகும்போலிருக்கிறது.

நம்மூர்ப் படிவங்கள் அந்தத் தொல்லையே தருவதில்லை. பாடுவாயா, ஆடுவாயா என்று அவை கேட்பதே கிடையாது.

மார்ச் 5

சாம்பல் புதன். இன்றிலிருந்து பாஸ்கா வரை அல்லேலூயா கிடையாது. தவக்கால ஞாயிறுகளில் வானவர் கீதமும் கிடையாது. வாத்தியமும் பாட்டுக்குத் துணை நிற்க மட்டும், தனியாக வாசிப்பதில்லை. பாடுகிறவர்களுக்கு ஆண்டில் ஒருமுறை கட்டாயமாக வாய்க்கும் அடக்கம்.

சனிக்கிழமை கணிதத் தேர்வு. அவள் அம்மா வந்திருந்தார். "ரெண்டு மாசம் பாட்டுக்கு லீவு குடுங்க டீச்சர். பாட்டு எங்க ஓடிடப் போவுது?" கோபமாகக் கேட்கவில்லை. காலையில் ஒரு வீட்டு வேலை, மாலையில் இன்னொன்று முடித்துவிட்டு, நெற்றியில் சாம்பலோடு நின்று கேட்டார்.

நேரக் கணக்கு பார்த்தால் இந்த வழக்கு நிற்காது. வாரத்தில் இரண்டு மாலை, ஞாயிறு காலை. அதைவிடக் கூடுதலாகச் செல்போன் தின்கிறது. அம்மாவுக்கும் அது தெரியும். அவர் பயப்படுவது மணிக்கணக்கைப் பார்த்து அல்ல, மகளின் மனம் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பார்த்து. பரீட்சை எழுதப்போகிற பிள்ளையின் முகத்தில் ஒரு கவலை தெரிய வேண்டும். பாடிவிட்டு வரும்போது அந்தக் கவலை காணாமல் போய்விடுகிறது.

அவளையே கேட்டேன். "வீட்ல உக்காந்தா படிச்சதே திரும்பத் திரும்ப ஓடுதுக்கா. இங்க வந்தா அது நின்னுடுது." சற்று யோசித்து, "ஆனா பயோக்கு நிறைய இருக்கு. அது முடியுற வரைக்கும் வரல" என்றாள். அம்மாவுக்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. தானே கணக்குப் போட்டிருக்கிறாள். சரி என்றேன்.

மார்ச் நடுவில்

பிராக்டிஸுக்கு வரவில்லை என்றவள் வாசலில் வந்து நின்றாள். க்யூட் என்ற பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பம். மார்ச் 1இல் திறந்து 22 கடைசி என்று அறிவித்திருந்தார்கள். பொதுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போதே இதையும் போட வேண்டும். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த இயற்பியலுக்கு இது ஒன்றே வழி.

என் மடிக்கணினியில் திறந்தோம். பெயர், பிறந்த தேதி, செல்பேசி எண். வீட்டில் நிலையாக ரீசார்ஜ் ஆகும் எண் அப்பாவுடையது மட்டும்தான். ஓடிபி அனுப்பியாகிவிட்டது என்று திரை சொன்னது.

"அப்பா கடல்ல இருக்காருக்கா."

விசைப்படகில் வேலை. கரையை விட்டு ஓரளவு தூரம் போனால் சிக்னல் கிடையாது. திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வந்து பூச்சியத்தில் நின்றன. மறுபடி அனுப்பு என்ற பொத்தானில் இரண்டு பேரும் கை வைக்கவில்லை. அவள் உள்ளே வந்து உட்கார்ந்து, பாடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பிராக்டிஸ் முடிந்து விளக்கை அணைக்கும் நேரத்தில் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து அவரே கூப்பிட்டார். பின்னால் ஐஸ் உடைக்கும் சத்தம், யாரோ கூடை எண்ணும் சத்தம். "சொல்லும்மா, என்னா நம்பர் வேணும்?" இப்போது மறுபடி அனுப்பச் சொன்னோம். அவர் ஒவ்வோர் எண்ணாக, இரண்டு முறை, பூசையில் வாசகம் வாசிக்கிற நிதானத்தோடு படித்தார். படிவம் திறந்தது.

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அடுத்த படிவங்களின் பருவத்தில் அப்பா கரையில் இருப்பார், சிக்னலும் இருக்கும். வருமானம் இருக்காது.

சாதி, குடியிருப்பு, பள்ளி, பாடங்கள், தேர்வு எழுத விரும்பும் நகரம் என்று படிவம் போய்க்கொண்டே இருந்தது. அதில் அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அவளை நிறுத்திப் பிடித்திருக்கும் அப்பாவின் எண், அம்மாவின் இரண்டு வீட்டு வேலை, செகண்ட்ஸ் வரிசை எதுவும் உள்ளே வருவதில்லை. இதில் அநியாயம் ஒன்றும் இல்லை. ஓர் இடத்துக்கு ஒருவரைத்தான் எடுக்க முடியும். ஆனால் ஆண்டு முழுவதும் இப்படிப்பட்ட படிவங்களில் தன்னை மட்டும் எழுதிக்கொண்டே இருக்கும் பிள்ளை, உண்மையிலேயே தான் தனியாள் என்று நம்பிவிடக்கூடும்.

மார்ச் கடைசி

அவள் இல்லாத செகண்ட்ஸ் மெலிந்துதான் போயிற்று. அதை மறைப்பானேன். ஆனால் பக்கத்தில் இதுவரை இவள் குரலைப் பிடித்துக்கொண்டு ஒப்பேற்றிய ஒன்பதாம் வகுப்புப் பெண், பிடிக்க ஆள் இல்லாததால் தானே பாடத் தொடங்கியிருக்கிறாள். முதல் ஞாயிறு தடுமாறினாள். இப்போது பரவாயில்லை.

புனித வாரத்துக்கான பாட்டில் ஓர் இடத்தில் ஒரே சுரம் நெடுநேரம் நிற்க வேண்டும். எந்தப் பிள்ளைக்கும் அவ்வளவு மூச்சு கிடையாது. குழுப் பாடகர்கள் இதற்கென்று கைக்கொள்ளும் உபாயம் ஒன்று உண்டு. ஆளுக்கொரு நேரத்தில் மூச்சு எடுப்பது. பக்கத்தில் இருப்பவள் எடுக்கும்போது நீ எடுக்காதே. சொல்லின் முடிவில் எடுக்காதே, எல்லாருக்கும் அங்கேதான் எடுக்கத் தோன்றும். நடுவில், யாரும் எதிர்பாராத இடத்தில், குரலை மெல்லக் குறைத்து வெளியே வா. மூச்சை நிரப்பிக்கொண்டு, வந்தது தெரியாமல் உள்ளே போ. கேட்கிறவர்களுக்குச் சுரம் அறுபடவே அறுபடாது.

புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதில் வெளியே வருவது சுலபம். உள்ளே போவதுதான் கடினம். விட்ட இடத்தை ஈடுகட்டுவதுபோல முழுக்குரலோடு நுழைவார்கள். கேட்கிறவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். இன்று அதைத்தான் பயிற்சி செய்தோம். நெடுநேரம் வெளியே இருந்துவிட்டு, சத்தம் போடாமல் உள்ளே வருவது.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் அம்மாவுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது என்று பட்டது. பிளஸ் டூ என்றால் பாட்டை விட்டுவிட வேண்டும் என்கிறார்கள் ஒரு சாரார். விடவே கூடாது, எல்லாவற்றையும் சமாளிக்கிற பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளை என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டு பேரும் தனிக் கச்சேரிக்காரரை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். தனியாகப் பாடுகிறவர் நிறுத்தினால் பாட்டு நின்றுவிடும். குழுவில் ஒருத்தி நிறுத்தினால் மற்றவர்கள் தாங்குகிறார்கள், அடுத்த முறை அவள் தாங்குகிறாள். பிப்ரவரியில் பிளஸ் டூ, மார்ச்சில் பத்தாம் வகுப்பு, நவம்பரில் கல்லூரிப் பிள்ளைகளின் செமஸ்டர் என்று யாராவது ஒருவர் எப்போதும் மூச்சு எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

ஏப்ரல் 19, பாஸ்கா இரவு

உயிரியல் முடிந்த அடுத்த ஞாயிறே திரும்பிவிட்டாள். பேச்சில்லாமல் வந்து பழைய இடத்தில் நின்றாள். ஒன்பதாம் வகுப்புப் பெண் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடும்போது மணிகள் எல்லாம் அடிக்கும். அதோடு மணி ஓய்ந்துவிடும். மணிக்குப் பதில் கட்டை தட்டுவார்கள். பெரிய வெள்ளி முழுவதும் கீபோர்டைத் தொடவில்லை. இன்றிரவு இருட்டில் பாஸ்கா திரி உள்ளே வந்து, புகழுரை முடிந்து, பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஒவ்வொன்றாக முடிந்து, வானவர் கீதம் தொடங்கியதும் விளக்கு, மணி, வாத்தியம், குரல் எல்லாம் ஒரே நொடியில் திரும்பின. ஆறு வாரமாகப் பாடாமல் வைத்திருந்த அல்லேலூயாவைப் பிள்ளைகள் பாடியபோது மேல் சுரத்தில் கொஞ்சம் தவறியது. தவறட்டும்.

2013இல் சுவீடனின் கோதன்பர்க்கில் பியோர்ன் விக்ஹாப் என்ற ஆய்வாளரும் நண்பர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பதினெட்டு வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 15 பேரைச் சேர்ந்து பாடவைத்து நாடித்துடிப்பைப் பதிவு செய்தார்கள். பாட்டின் அமைப்பு மூச்சுக்கு வரம்பு கட்டுகிறது, மூச்சோடு இதயத் துடிப்பும் ஏறி இறங்குகிறது, ஒரே பாட்டைப் பாடுகிறவர்களின் துடிப்பு ஒன்றுபோல ஏறி இறங்குகிறது என்று கண்டார்கள். சின்ன ஆய்வு. அதை வைத்துப் பெரிய முடிவு கட்ட வேண்டாம். ஆனாலும் அந்த வயதுப் பிள்ளைகளை நாம் வரிசை எண் போட்டு ஆளுக்கொரு மேசையில், ஒருவர் தாளை ஒருவர் பார்க்க முடியாத தூரத்தில் உட்காரவைக்கும் அதே மாதங்களில் இது நினைவுக்கு வருகிறது.

திங்கட்கிழமை சேர்க்கிறேன்: திருத்தந்தை பிரான்சிஸ் காலமானார். நேற்று அல்லேலூயா பாடிய அதே பிள்ளைகள் இன்று இறந்தோருக்கான பாடல்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மே 13

தேர்வு முடிவு இன்று வந்தது. க்யூட் தேர்வுகளும் இன்றுதான் தொடங்கின. ஒரு வாசல் மூடுவதற்குள் அடுத்த வாசலில் வரிசை. க்யூட்டில் ஒரு பாடத்துக்கு 60 நிமிடம், 50 கேள்வி, கேள்விகளில் தெரிவு கிடையாது. சரிக்கு ஐந்து, தவறுக்குக் கழித்தல் ஒன்று. தெரியாததைத் தொடாமல் விடுவதும் அதில் ஒரு திறமை என்று சொன்னாள். "பாட்டுல வர்ற ரெஸ்ட்டு மாதிரிக்கா" என்றாள். பொதுத் தேர்வில் நல்ல மதிப்பெண். இத்தனை என்று எழுதிவைக்க எனக்கு உரிமை இல்லை.

ஜூன்

சென்டாக். புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு மே, ஜூன் என்றாலே இந்தச் சொல்தான். அரசுக் கல்லூரிகளில் சேர ஒரே இணையவழி விண்ணப்பம். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று பகுதி. சாதிப் பிரிவுகள். அதற்குள் குறுக்காக இன்னும் சில ஒதுக்கீடுகள்: மாற்றுத்திறனாளி, விடுதலைப் போராட்ட வீரர் குடும்பம், முன்னாள் படைவீரர் குடும்பம், விளையாட்டு வீரர்.

விளையாட்டு வீரர் கட்டத்தைப் பார்த்ததும் எங்கள் பக்கத்துக் காட்சி கண்ணில் வந்தது. உப்பளம் இந்திரா காந்தி விளையாட்டரங்கத்தில் மாலை வேளைகளில் பிள்ளைகள் வியர்க்க ஓடுகிறார்கள். அவர்களில் சிலருக்கு அந்த ஓட்டம் ஒரு சான்றிதழாகி, சான்றிதழ் ஓர் இடமாகும். நல்லதுதான். அவர்கள் ஓடும் அதே நேரம் பாடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கட்டம் இல்லை.

கலைக்குக் கதவே இல்லை என்றும் சொல்ல முடியாது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டுக்கும் கலைத் திறன்களுக்கும் சேர்த்து 5 விழுக்காடு இடங்கள். மேற்கத்திய வாய்ப்பாட்டும் அதில் ஒரு பிரிவு. சென்னை ஐ.ஐ.டி. 2025–26இலிருந்து நுண்கலைச் சாதனையாளர்களுக்கென ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் இரண்டு கூடுதல் இடங்கள் வைத்திருக்கிறது. ஒன்று பெண்ணுக்கு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறிய பிறகு தேசிய விருது, உதவித்தொகை, வானொலித் தரநிலை போன்ற தகுதிகளைப் பார்க்கிறார்கள். வரவேற்க வேண்டிய காரியம். ஆனால் பட்டியலைப் படித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒருவர் பெயருக்குக் கிடைக்கும் தகுதிகள். மேடைக்காரிக்கு வழி இருக்கிறது. செகண்ட்ஸ் வரிசையில் நிற்பவள் தன் பங்கைப் பிரித்துக் காட்டத் தொடங்கினால் அவள் செகண்ட்ஸ் பாடவில்லை என்று பொருள்.

ஆற்றுப் பாலம் தாண்டி அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் இருக்கிறது. இசையிலேயே பட்டம் வாங்கலாம். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது. இந்திரா பார்த்தசாரதி முதல் இயக்குநராக இருந்து, சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் 1988இல் தொடங்கியது. அங்கெல்லாம் போகலாமா என்று அவளைக் கேட்டேன். "இல்லக்கா. இயற்பியல்தான் புடிக்கும்" என்றாள். அந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. பிறகு, பாட்டைப் பிழைப்பாக்காமல் பாட்டாகவே வைத்துக்கொள்கிறவர்கள் இருந்தால்தான் குழு என்று ஒன்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 27

இருதய ஆண்டவர் திருநாள். க்யூட் முடிவு இன்னும் வரவில்லை. சென்டாக் பட்டியலுக்கும் காத்திருப்பு. இன்றைய பிராக்டிஸில் அவள் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பத்துக்குப் போயிருக்கும் அந்தப் பெண்ணுக்கு, சொல்லின் நடுவில் எங்கே மூச்சு எடுக்கலாம் என்று விரலால் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். வரும் மார்ச்சில் பொதுத் தேர்வு அந்தப் பெண்ணுக்கு. அப்போது இவள் தாங்குவாள், அல்லது இவளுக்குக் காலாப்பட்டிலிருந்து வர பஸ் கிடைக்காவிட்டால் வேறொருத்தி தாங்குவாள்.

ஏதாவது ஒரு கல்லூரி இவளைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டால் என்ன எழுதுவேன் என்று யோசித்துப் பார்த்தேன். நேரத்துக்கு வருவாள். வர முடியாது என்றால் முன்கூட்டியே சொல்லுவாள். பக்கத்தில் இருப்பவர் குரல் இவளுக்குக் கேட்கும். திரும்பி வரும்போது சத்தம் போடாமல் வருவாள். கையெழுத்துப் போட்டு, கோயில் முத்திரையும் வாங்கித் தரத் தயார். இதுவரை எந்த அலுவலகத்திலும் கேட்கவில்லை.